அரண்மனைக் குதிரைகளைத் தொடர்வது எப்படி? தாயிலிருந்து தொடங்குங்கள்

பிரிட்டிஷ் அரச குடும்பத்துப் பந்தயக் குதிரைகளைக் கவனிக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். ஜூன் மாதம், ராயல் ஆஸ்காட், சாரட்டு வண்டியில் ராஜா ராணி, ஊதாச் சட்டை போட்ட ஜாக்கி, குதிரை ஜெயித்தால் மறுநாள் பேப்பரில் படம். நல்ல குதிரையாக இருக்கிறதே என்று பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் தேடினால், அது விற்கப்பட்டு ஆஸ்திரேலியாவில் வேறு யாருடைய நிறத்திலோ ஓடிக்கொண்டிருக்கும். ஜஸ்ட் ஃபைன் கதை அதுதான். சார்ல்ஸ் மன்னரான பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வெற்றியை 2022 அக்டோபர் 11 அன்று லெஸ்டரில் கொடுத்தது இந்தக் குதிரை. அந்த மாதம் முடிவதற்குள் நியூமார்க்கெட்டில் டாட்டர்சால்ஸ் ஏலத்தில் அதை விற்றாகிவிட்டது, அடுத்த ஆண்டு சிட்னியில் மெட்ரோபாலிட்டன் என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தது. ஓடும் குதிரையை மட்டும் நம்பினால் இப்படித்தான், கயிறு மட்டும் கையில் மிஞ்சும்.

அதனால் என் வழி வேறு. ஓடும் குதிரையை விடுங்கள், அதன் அம்மாவைப் பிடியுங்கள். ஆண் குதிரைகள் விற்கப்படும், காயடிக்கப்படும், கடல் தாண்டிப் போகும். நல்ல பெட்டைக் குதிரையோ ஓட்டம் முடிந்ததும் பண்ணைக்குத் திரும்பி, பத்துப் பன்னிரண்டு வருஷம்கூடக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும், அதன் மகளும் அங்கேயே இருப்பாள். ஒரு தாயைத் தெரிந்துகொண்டால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். பணம் கட்டுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது, டிப்ஸ் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஏன் பிரிட்டிஷ் குடும்பம்? துபாய் மக்தூம் குடும்பத்துக் குதிரைகளையும் தொடரலாம், சவூதி இளவரசர் காலித் அப்துல்லா உருவாக்கிய ஜட்மான்ட் பண்ணையையும் தொடரலாம். புகழ்பெற்ற பந்தயக் குதிரை ஃப்ராங்கல் பிறந்தது அங்கேதான். ஆனால் அவர்களுடையது நூற்றுக்கணக்கில் குதிரைகள், ஒரு ஆள் உட்கார்ந்து கவனித்துத் தீராது. விண்ட்சர் குடும்பத்தினுடையது சின்ன லாயம், ஒரு நோட்டில் அடங்கிவிடும். தொடர்ச்சியும் இருக்கிறது: சான்ட்ரிங்காமில் அரச குதிரைப் பண்ணை தொடங்கியது 1886 இல், பிற்பாடு ஏழாம் எட்வர்ட் ஆன இளவரசர் காலத்தில். அவருடைய குதிரை பெர்சிம்மன் 1896 இல் டெர்பி என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தது, அதன் வெண்கலச் சிலை இன்னும் பண்ணையில் நிற்கிறது.

முதலில் கண்ணுக்குப் பழக வேண்டியது ஜாக்கி உடையின் நிறம். ஊதா உடம்பு, தங்க நிறப் பின்னல், செக்கச் சிவந்த கை, தங்கக் குஞ்சம் வைத்த கறுப்பு வெல்வெட் தொப்பி. எட்வர்ட் காலத்திலிருந்து இதே நிறம்தான். ஒரே பந்தயத்தில் இரண்டு அரண்மனைக் குதிரைகள் ஓடினால் சட்டை ஒன்றாக இருக்கும், தொப்பி மாறும், அதனால் தொப்பியைப் பாருங்கள். பட்டியலில் உரிமையாளர் என்ற இடத்தில் இப்போது ராஜா, ராணி இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. பழைய புகைப்படங்களில் வெளிர் நீலமும் மஞ்சள் கலந்த பழுப்புமாகக் கோடு போட்ட சட்டையைப் பார்த்தால் அது இரண்டாம் எலிசபெத்தின் அம்மாவுடையது. அவருக்குத் தடை தாண்டும் பந்தயம்தான் உயிர். 1956 கிராண்ட் நேஷனலில் எல்லாத் தடையையும் தாண்டி, ஜெயிக்க ஐம்பது கெஜம் கூட இல்லாத இடத்தில் காரணமே தெரியாமல் வயிற்றின் மேல் விழுந்ததே டெவன் லோக், அது அவருடைய குதிரை. அந்தப் பக்கம் தனி உலகம், இங்கே நாம் பேசுவது தடை இல்லாத ஃப்ளாட் பந்தயம் மட்டும்.

நேரக் கணக்கு ரொம்பப் பேரைக் கவிழ்த்திருக்கிறது, என்னையும். கோடையில் இங்கிலாந்து நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை மணி. ஆஸ்காட்டில் மதியம் 2.30 பந்தயம் என்றால் நமக்கு மாலை 7 மணி, வேலை முடித்து வந்து பார்க்க வசதி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். ஒரு வருஷம் அதை மறந்து, பந்தயம் முடிந்துவிட்டது என்று நினைத்து முடிவைத் தேடிக்கொண்டிருந்தேன், உண்மையில் குதிரைகள் இன்னும் லாயத்தைவிட்டே வெளியே வரவில்லை.

ஃப்ளாட் பந்தயங்களில் ஓடுவது உறுதி என்ற அறிவிப்பு பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன் வரும், அதற்கு முன்பே பெயர் பதிவுகள் வரும். ரேசிங் போஸ்ட் தளத்தில் குதிரை, உரிமையாளர், பயிற்சியாளர் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. உரிமையாளர் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பதிவு செய்த எல்லாப் பந்தயத்திலும் குதிரை ஓடாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். ஒரே குதிரைக்கு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுத்துவிட்டு, மழையைப் பார்த்து, எதிராளிகளைப் பார்த்துக் கடைசியில் ஒன்றைத் தேர்வு செய்வார்கள். எங்கெங்கே பெயர் கொடுத்தார்கள் என்பதே ஒரு தகவல்தான், அதற்கு அப்புறம் வருகிறேன். பந்தய தூரம் பர்லாங்கில் இருக்கும். நம் ஊர்ப் பழைய சாலைகளில் பர்லாங் கல் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்கு: ஒரு பர்லாங் சுமார் 201 மீட்டர், எட்டு சேர்ந்தால் ஒரு மைல்.

இனி ஜாதகம். குதிரைப் பெயருக்குக் கீழே தகப்பன், தாய், அடைப்புக்குறிக்குள் தாயின் தகப்பன் என்று ஒரு வரி இருக்கும். எல்லோரும் தகப்பன் பெயரைப் படித்து வாயைப் பிளப்பார்கள். தகப்பன் பிரபலம்தான், ஆனால் ஃப்ராங்கலுக்கு ஒரு வருஷத்தில் நூற்றுக்கு மேல் குட்டி, அந்தப் பெயர் தனியாக ஒன்றும் சொல்லாது. தாய்க்கு வருஷத்துக்கு ஒன்றுதான். விரலை அங்கே வையுங்கள்.

எப்படி வைப்பது என்பதற்கு இந்தப் பண்ணையிலேயே இருக்கிற ஒரு கதை போதும். 1930களில் ஐந்தாம் ஜார்ஜுக்காக ஃபியோலா என்ற பெட்டைக் குட்டியை வாங்கினார்கள். அது 1936 ஆயிரம் கினி பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது, அவ்வளவுதான், பெரிய ராணி இல்லை. ஆனால் அதன் மகள் ஹைப்பரிக்கம் 1946 இல் அதே பந்தயத்தை ஜெயித்தது, அதுவும் ஓட்டம் தொடங்கும் முன்பே ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டு ஓடிப்போய், பிடித்து வந்து மறுபடி ஏற்றிய பிறகு. இன்னொரு மகள் ஆஞ்செலோலாவுக்குப் பிறந்தது ஆரியோல், 1953 இல் எலிசபெத் முடிசூடிய நாலாம் நாள் டெர்பியில் இரண்டாவதாக வந்த குதிரை. மூன்றாவது மகள் நைட்ஸ் டாட்டர் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு அங்கே ரவுண்ட் டேபிள் என்ற சாம்பியனைப் பெற்றது. ஹைப்பரிக்கத்தின் மகள் ஹைலைட், ஹைலைட்டின் மகள் ஹைக்ளியர். ஹைக்ளியர் 1974 இல் ஆயிரம் கினியும் ஜெயித்தது, பிரான்ஸ் போய் ஷான்டியியில் ப்ரி த தியானும் ஜெயித்தது.

கதை இதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. ஹைக்ளியருக்கு பஸ்டினோ மூலம் ஹைட் ஆஃப் ஃபேஷன் பிறந்தது. 1982 இல் ராணி இரண்டாம் எலிசபெத் அதைத் துபாயின் ஷேக் ஹம்தானுக்கு விற்றார், வந்த பணத்தில் பெர்க்‌ஷரில் வெஸ்ட் இல்ஸ்லி லாயத்தை வாங்கினார். அங்கே பயிற்சியாளர் டிக் ஹெர்ன், வெள்ளி விழா ஆண்டான 1977 இல் டன்ஃபெர்ம்லினை வைத்து ஓக்ஸும் செயின்ட் லெஜரும் ராணிக்கு ஜெயித்துக் கொடுத்தவர். 1984 இல் குதிரையிலிருந்து விழுந்ததில் அவர் உடல் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார், சில ஆண்டுகளில் லாயக் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்ற முடிவு வந்தது, பந்தய உலகமே முகம் சுளித்தது. அதே நேரத்தில், 1989 இல், அதே லாயத்திலிருந்து ஹெர்ன் ஒரு குதிரையை இரண்டாயிரம் கினி, டெர்பி இரண்டும் ஜெயிக்க வைத்தார். பெயர் நாஷ்வான். உரிமையாளர் ஷேக் ஹம்தான். தாய் ஹைட் ஆஃப் ஃபேஷன்! மூன்று வயதுக் குதிரைகளுக்கான ஐந்து கிளாசிக் பந்தயங்களில் (ஆயிரம் கினி, இரண்டாயிரம் கினி, ஓக்ஸ், டெர்பி, செயின்ட் லெஜர்) ராணிக்கு வாழ்நாளில் கிடைக்காத ஒன்று டெர்பிதான், அது அவர் விற்ற தாயின் வயிற்றிலிருந்து, அந்தத் தாயை விற்ற பணத்தில் வாங்கிய லாயத்திலேயே பயிற்சி பெற்று, வேறொருவர் நிறத்தில் ஓடி ஜெயித்தது. இதைப் படித்த நாளிலிருந்துதான் நான் தாய்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

இன்னும் முடியவில்லை. ஹைக்ளியரின் இன்னொரு மகள் பர்க்ளியர். அதன் மகள் விண்ட் இன் ஹெர் ஹேர், 1995 இல் வயிற்றில் குட்டியோடு ஓடி ஜெர்மனியில் குரூப் 1, அதாவது மிக உயர்ந்த தரப் பந்தயம் ஜெயித்தது, பிறகு ஜப்பானுக்குப் போய் டீப் இம்பாக்ட்டைப் பெற்றது. 2005 இல் ஜப்பானில் டிரிபிள் கிரவுன் எனப்படும் மூன்று பந்தயங்களையும் ஜெயித்த குதிரை அது. அதன் மகன் ஆகஸ்ட் ரோடன் 2023 இல் எப்சம் டெர்பியை ஜெயித்தது. அரண்மனைப் பட்டியலில் இவற்றில் எதுவும் கிடையாது. தாய்வழி நோட்டு வைத்திருப்பவனுக்கு மட்டும் டோக்கியோ முடிவைப் பார்த்தாலும் சான்ட்ரிங்காம் ஞாபகம் வரும்.

சரி, நோட்டை எப்படித் தொடங்குவது? ஒரு தாய்க்கு ஒரு பக்கம். உதாரணமாக ஃபாண்டம் கோல்டு என்று எழுதுங்கள். அதற்குக் கீழே மகள்கள்: 2001 ஓக்ஸில் இரண்டாவதாக வந்த ஃப்ளைட் ஆஃப் ஃபேன்சி, அதன் தங்கை கோல்டன் ஸ்ட்ரீம். கோல்டன் ஸ்ட்ரீமுக்குக் கீழே ரீச் ஃபார் த மூன், 2022 டெர்பிக்கு ராணியின் பெரிய நம்பிக்கையாக இருந்து நேரத்துக்குத் தயாராகாமல் போனது. ஒவ்வொரு குட்டிக்கும் நாலு விஷயம் போதும்: பிறந்த ஆண்டு, தகப்பன், யாரிடம் பயிற்சி, எந்த தூரத்தில் நன்றாக ஓடுகிறது. மூன்று குட்டிகள் எழுதி முடித்ததும் அந்தக் குடும்பத்தின் குணம் தெரிந்துவிடும். சில குடும்பங்கள் இரண்டு வயதிலேயே துள்ளும், சில நாலு வயது வரை சோம்பலாக இருந்துவிட்டு அதற்கு மேல் நீண்ட தூரத்தில் பொறுமையாக ஓடும்.

பெயர்களே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும், இது எனக்குப் பிடித்த விளையாட்டு. தகப்பன் பெயரிலிருந்தும் தாய் பெயரிலிருந்தும் எதையாவது எடுத்து முடிச்சுப் போடுவது இந்தக் குடும்பத்தின் பழக்கம். பாலஸ்டைன் என்ற தகப்பனுக்கும் மாலபெர்ட் என்ற தாய்க்கும் பிறந்தது பால் மால், 1958 இரண்டாயிரம் கினி ஜெயித்தது. எஸ்டிமேட் என்ற பெட்டைக்குப் பிறந்த குட்டிக்குப் பெயர் கால்குலேஷன், மதிப்பீட்டுக்குப் பிறந்தது கணக்கு. சீ த ஸ்டார்ஸுக்கும் டெசர்ட் பிரீஸுக்கும் பிறந்தது டெசர்ட் ஹீரோ. பிரிட்டனில் குதிரைப் பெயர் ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ரீச் ஃபார் த மூன் என்பதை எண்ணிப் பாருங்கள், சரியாக 18. இன்னொன்று, பழைய பெயரை வேறு குதிரைக்கு மறுபடி வைப்பதும் உண்டு, அதனால் பிறந்த ஆண்டை எப்போதும் பெயர் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இனப்பெருக்கத் திட்டத்தைத் தொடர விரும்பினால் காலண்டர் தெரிய வேண்டும். சினை பதினொரு மாதம். வடகோளத்தில் பந்தயக் குதிரைகள் அத்தனைக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும், எந்த மாதம் பிறந்தாலும். அதனால் ஜனவரிக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவு நல்லது, பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் வரை தாய்களைப் பொலிகுதிரைகளிடம் அனுப்புவார்கள். ஊசி போட்டுச் சினைப்படுத்துவதற்கு அனுமதி இல்லை, தாய் நேரில் போயாக வேண்டும். கட்டணம் சும்மா இல்லை, 2024 இல் ஃப்ராங்கலுக்கும் துபாவிக்கும் 350,000 பவுண்டு. எந்தத் தாயை எந்தக் குதிரையிடம் அனுப்பினார்கள் என்ற செய்தி வசந்த காலத்தில் வரும், அதுதான் உண்மையான திட்டம். விலை உயர்ந்த குதிரையிடம் அனுப்பினால் அந்தத் தாயின் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், வருஷா வருஷம் மலிவான குதிரையிடமே போனால் அது சீக்கிரம் ஏலப் பட்டியலில் வரும். குட்டி பால் மறந்த பிறகு ஹாம்ப்ஷரில் பொல்ஹாம்ப்டன் பண்ணையில் வளர்ந்து, சேணத்துக்குப் பழகி, பிறகு பயிற்சியாளரிடம் போகும். இன்றைக்குப் போடுகிற ஜோடி பந்தயத் தரையில் தெரிய மூன்று வருஷத்துக்குக் குறையாது.

இந்த ஜோடிப் பொருத்தமெல்லாம் பார்ப்பது ஜான் வாரன், அரச குடும்பத்தின் இன விருத்தி ஆலோசகர். அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அவருடைய மாமனார் ஏழாவது கார்னார்வன் பிரபு. துட்டன்காமுன் கல்லறைத் தோண்டலுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் இவருடைய தாத்தா. ஹைக்ளியர் குதிரைக்குப் பெயர் வந்தது அவர்கள் அரண்மனையிலிருந்துதான். வாரன் பேட்டி கொடுத்தால் தவறவிடாதீர்கள், எந்தக் குட்டி எந்த லாயத்துக்கு என்பதைப் பெரும்பாலும் அவர் வாயிலிருந்துதான் கேட்கலாம்.

பயிற்சியாளர்கள் ஒருவர் இல்லை, பலர். நியூமார்க்கெட்டில் ஜான் காஸ்டனும் அவர் மகன் தேடி காஸ்டனும் ஒரே உரிமத்தில், அதே ஊரில் வில்லியம் ஹேகஸ், கிங்ஸ்கிளியரில் ஆண்ட்ரூ பால்டிங் (இவருடைய அப்பா இயானும் ராணிக்குப் பயிற்சி கொடுத்தவர்), லாம்போர்னில் கிளைவ் காக்ஸ். ராணி இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், 2022 செப்டம்பர் 6 அன்று குட்வுட்டில் லவ் அஃபேர்ஸ் ஜெயித்தது, அது காக்ஸ் லாயத்துக் குதிரை. எஸ்டிமேட்டை வைத்து 2013 இல் ஆஸ்காட் கோல்டு கப்பை ஜெயித்து, பதவியிலிருக்கும் ஆட்சியாளர் ஒருவருக்கு முதல்முறையாக அதைக் கொடுத்த சர் மைக்கேல் ஸ்டவுட் 2024 முடிவில் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு பயிற்சியாளர் ஓய்வு பெறும்போது அவரிடம் இருந்த குதிரைகள் யாரிடம் பிரிந்து போகின்றன என்று கவனியுங்கள், யார் மேல் இப்போது நம்பிக்கை என்று அதிலிருந்து தெரியும். ஒரே தாயின் அண்ணன் ஒருவரிடமும் தம்பி இன்னொருவரிடமும் போனால் அதையும் குறியுங்கள், முதலாமவர் கையில் சரியாக வரவில்லை என்ற சந்தேகம் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

பயிற்சியாளரின் மனத்தைப் படிக்கப் பதிவுகள்தான் வழி என்று சொன்னேனே, அதற்கு டெசர்ட் ஹீரோவின் 2023 நல்ல பாடம். ஹேகஸ் அதை முதலில் ராயல் ஆஸ்காட்டில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரிலான ஒன்றரை மைல் ஹேண்டிகேப் பந்தயத்தில் விட்டார், அதாவது திறமைக்குத் தகுந்தபடி ஒவ்வொரு குதிரைக்கும் எடை ஏற்றிச் சமன்படுத்தும் பந்தயம். டாம் மார்க்வாண்ட் ஓட்ட, மன்னருக்கு முதல் ராயல் ஆஸ்காட் வெற்றி. அடுத்து குட்வுட்டில் கார்டன் ஸ்டேக்ஸ், குரூப் 3 தரம், வெற்றி. அந்தப் பந்தயம் செயின்ட் லெஜருக்கு வழக்கமான படிக்கட்டு என்று தெரிந்திருந்தால் அடுத்த இடம் அது நடக்கும் டான்காஸ்டர் என்று நீங்களே சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் செயின்ட் லெஜரில் மூன்றாவதாக வந்தது. ஹேண்டிகேப், குரூப் 3, கிளாசிக், கடைசியில் தூரமும் கூடுகிறது. படி தாண்டிக் குதிக்கும் குதிரையைப் பார்த்தால் பயிற்சியாளர் அதைப் பெரிதாக நினைக்கிறார், படியிலிருந்து இறங்குகிற குதிரையைப் பார்த்தால் டாட்டர்சால்ஸ் பட்டியலைத் திறந்து வையுங்கள்.

ஏலப் பட்டியலை மனக்கஷ்டத்தோடு பார்க்காதீர்கள். 2022 அக்டோபரில் மறைந்த ராணியின் 14 குதிரைகள் விற்பனைக்குப் போனபோது அரண்மனை குதிரைகளைக் கைகழுவுகிறது என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் ராணி காலத்திலும் வருஷா வருஷம் விற்பனை உண்டு, எல்லாக் குட்டியையும் வைத்துக்கொண்டால் எந்தப் பண்ணையும் தாங்காது. விலை கினியில் இருக்கும், ஒரு கினி 1.05 பவுண்டு. பட்டியலில் தடித்த எழுத்தில் வரும் பெயர்கள் உயர்தரப் பந்தயங்களை ஜெயித்தவை, அல்லது அவற்றில் முன்னணி இடம் பிடித்தவை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: விற்கப்படுவது ஆணா, பெட்டையா? பெட்டை என்றால் எந்தக் குடும்பம், அந்தக் குடும்பத்தில் வேறு மகள் பண்ணையில் மிச்சம் இருக்கிறதா? கடைசி மகளை விற்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டாம், வாங்கியவர் பெயரையும் நாட்டையும் எழுதி வையுங்கள். ஹைட் ஆஃப் ஃபேஷன் பக்கத்தை 1982 இல் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்.

ஆரம்பிக்க ஐந்து தாய் போதும், அதற்கு மேல் முதல் வருஷம் எடுக்காதீர்கள். மே முதல் வாரம் நியூமார்க்கெட் கினி பந்தயங்கள், ஜூனில் எப்சமும் ஆஸ்காட்டும், செப்டம்பரில் டான்காஸ்டர், அக்டோபரிலும் டிசம்பரிலும் ஏலம். ஜனவரி 1 காலை எழுந்ததும் நோட்டை எடுத்து எல்லாக் குதிரைக்கும் வயதைத் திருத்துங்கள், பென்சிலில் எழுதியிருந்தால் சீக்கிரம் முடியும்.